ஆவடிக்குக் கடல் உண்டு

டிசம்பர் கடைசியில் ஆரம்பித்துவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலிருந்து விடியற்காலை நாலு மணிக்கே பைக்குகளும் கார்களும் கிளம்பி, செங்குன்றம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் படங்கள் வந்துவிடும். ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரை, இறக்கையை விரித்த கூழைக்கடா, ஆளில்லாத மணல், காற்றில் பறக்கும் துப்பட்டா. கீழே ஒரு வரி: நகரத்தின் இரைச்சலிலிருந்து வெகுதூரம். இன்னும் கொஞ்சம் வாசிக்கிற ஆளாக இருந்தால், 'நெய்தல்' என்று ஒரே ஒரு சொல்.

இந்தப் படங்களில் ஒரு பொருளைத் தேடிப் பாருங்கள். புகைபோக்கி. கிடைக்காது. பழவேற்காட்டிலிருந்து தெற்கே நடக்கிற எவர் கண்ணுக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் துறைமுகத்தின் கிரேன்களும் தப்பாது. தொடுவானத்தில் அவைதான் உயரம். ஆனாலும் நூறு படங்களில் ஒன்றில்கூட இருக்காது. கேமராவைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பியிருப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்து ஓரத்தை வெட்டியிருப்பார்கள்.

என் சண்டை இந்த வெட்டோடுதான். அது வெறும் அழகுணர்ச்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு நிலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பொய் அது. நம்முடைய இயற்கை எழுத்தும் அதே பொய்யை நல்ல தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. இந்தப் பொய்யைச் சொல்ல மிகக் குறைந்த உரிமை உள்ளவர்கள் சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நடை.

*

பழவேற்காடு கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம். அங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் காலையில் வாடை முதுகைத் தள்ளும். வெயில் ஏறிய பிறகு காற்று கடல் பக்கமிருந்து, கொண்டலாக, இடது காதில் அறையும். பேசுகிற பேச்சு பக்கத்தில் வருகிறவருக்குக் கேட்காது. மணல் பறந்து கணுக்காலில் ஊசி மாதிரி குத்தும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிற நாள் அது.

மேல்மணலில் அடம்பங்கொடி படர்ந்திருக்கும். அதற்கப்பால் பந்து பந்தாக இராவணன் மீசை. காய்ந்த உருண்டைகள் காற்றில் உருண்டு ஓடுவதைப் பார்த்தால் ஏதோ பிராணி என்றுதான் முதலில் தோன்றும். நிஜப் பிராணிகளும் உண்டு. அலை பின்வாங்கும் ஈரத்தில் உப்புக்கொத்திகள் கூட்டமாக ஓடி, அலை வரும்போது அதே வேகத்தில் திரும்பி ஓடும். தலைக்கு மேல் ஆலாக்கள் காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும்; திடீரென்று கல் மாதிரி விழும். செம்பருந்து எப்படியும் ஒன்றாவது வரும். வலப்பக்கம் உப்பங்கழியின் ஆழமில்லாத நீரில் நெடுங்கால் உள்ளான்களும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும். நண்டுகள் உங்கள் நிழல் விழுவதற்குள் வளைக்குள் போய்விடும்.

ஒரு பங்குனி ஆமை செத்துக் கிடப்பதையும் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் அவை நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. முட்டையிட வந்தவை இழுவலையில் மாட்டி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்தவை. கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்கக் கதவு வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. செத்த ஆமையைப் படம் எடுத்துச் சோக முகம் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் எழுதுவது அபூர்வம்.

இதுவரை நான் எழுதியது, நம் இதழ்களில் வருகிற எந்த நடைக் கட்டுரையிலும் வரக்கூடியதுதான். இதோடு நிறுத்தினால் நல்ல கட்டுரை என்று பத்துப் பேர் பாராட்டுவார்கள். ஆனால் காலுக்குக் கீழே இருக்கிற மணலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

*

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி தென்மேற்குக் காற்றுக் காலத்து அலைகள் அதை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் நிகரம் வடக்கே. இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லைக் கொட்டி ஒரு தடுப்புச் சுவர் கட்டினால், சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கடல் கரையைத் தின்னும்.

இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, மெரினாவுக்குப் போனால் போதும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகு தெற்கே ஒதுங்கிய மணல்தான் இன்றைய அகலமான மெரினா. அதே சுவருக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை போய்க்கொண்டே இருந்தது. கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாம் சுண்டல் சாப்பிட்ட கடற்கரை, இன்னொருவர் வாசலிலிருந்து எடுத்த மணல்.

வடக்கே இந்தக் கதை நிற்கவில்லை. எண்ணூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய துறைமுகம், பின்னால் காமராஜர் பெயரைப் பெற்றது. அதற்கு அடுத்து காட்டுப்பள்ளியில் 2013இல் இன்னொரு துறைமுகம். முதலில் எல் அண்ட் டி, 2018 முதல் அதானி குழுமம். ஒவ்வொரு சுவருக்கும் வடக்கே அதே கணக்கு. காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் நீங்கள் 'ஆளில்லாத கடற்கரை' என்று படம் பிடிக்கிற அந்த நிலம், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியும் இருக்கிற ஒடுங்கிய மணல்திட்டு. இது கரைந்தால் கடலும் கழியும் கலந்துவிடும் என்பதுதான் அங்குள்ள மீனவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவரும் பயம். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. நன்னீரும் உப்புநீரும் ஒரு விகிதத்தில் கலப்பதால்தான் அங்கே இறால் உண்டு, நண்டு உண்டு, பூநாரை முழங்கால் நனைய நின்று தலைகீழாக அலகை வைத்து வடிகட்டுவதற்கு ஏதுவான ஆழம் உண்டு. விகிதம் போனால் எல்லாம் போகும்.

அப்படியானால் அந்தப் படத்தில் வெட்டப்பட்டது என்ன? பூநாரையின் எதிர்காலம்தான் வெட்டப்பட்டிருக்கிறது. சட்டகத்துக்கு வெளியே நிற்கும் கிரேனும் சட்டகத்துக்குள் நிற்கும் பறவையும் ஒரே வாக்கியத்தின் எழுவாயும் செயப்படுபொருளும். எழுவாயை அழித்துவிட்டு எழுதுகிற வாக்கியத்துக்கு நாம் 'இயற்கை எழுத்து' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பதிவுகளில் பாதி, பூநாரை சைபீரியாவிலிருந்து வருகிறது என்கிறது. இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டி முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். அதாவது நம்மூர்ப் பறவை. 'விருந்தாளி' என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி: வந்தால் வரவேற்கலாம், வராவிட்டால் வேறெங்கோ போயிருக்கும் என்று விட்டுவிடலாம். குடியிருப்பவர் என்று ஒத்துக்கொண்டால் வீட்டை இடித்தது யார் என்ற கேள்வி வரும்.

*

'நெய்தல்' என்று தலைப்புப் போடுகிறவர்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

திணை என்பது நிலக்காட்சிக்குப் பெயர் வைக்கும் முறை என்று நம் தலைமுறை நினைத்துக்கொண்டிருக்கிறது. கடல் தெரிந்தால் நெய்தல், மலை தெரிந்தால் குறிஞ்சி, ஒரு டேக் மாதிரி. தொல்காப்பியம் கருப்பொருளாக எதையெல்லாம் சொல்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் ஒரே பட்டியலில், ஒரே மூச்சில் வருகின்றன. பறவைக்கு ஒரு பட்டியல், மனிதர் வேலைக்கு வேறொரு பட்டியல் என்று பிரிக்கவில்லை. நெய்தல் என்றால் நாரையும் புன்னையும் மட்டும் கிடையாது. உப்பு விளைவிக்கிறவரும், மீன் உணக்குகிறவரும், வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போகும் உமணரும் சேர்ந்துதான் அந்த நிலம்.

நம்முடைய 'வைல்ட்லைஃப் சைட்டிங்' பட்டியலோ அந்த எட்டில் விலங்கையும் பறவையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்ட பட்டியல். அதனால்தான் உப்பங்கழியில் இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறியில் போடுகிற பெண்கள் அந்தப் படங்களில் இருப்பதில்லை. இருந்தாலும் நிழலுருவமாக, சூரியனுக்கு எதிரே, முகமில்லாமல். எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு அந்த ஏரியில் உண்டு. நீரைப் பங்கிட மனிதர்கள் கண்டுபிடித்த சட்டம் அது. நம் நடைக் கட்டுரை ஒன்றிலாவது அந்தச் சொல் வருகிறதா?

நேர்மையாக இன்று வடசென்னை நெய்தலின் கருப்பொருளை எழுதினால் அதில் நிலக்கரி வரும், சாம்பல் வரும், கன்டெய்னர் வரும், எண்ணெய் வரும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையில் நின்று வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. அப்போதும் மீனவர்களே படகில் ஏறி அள்ளினார்கள். அந்த எண்ணெயில் தோய்ந்து, இறக்கையை விரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களும் கூழைக்கடாக்கள்தான். அதே இனம், அதே கழி. அந்தப் படத்துக்குக் கீழே யாரும் 'நெய்தல்' என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். 'இரங்கல்' நெய்தலின் உரிப்பொருள் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்.

இதைக் கலைக்குள் கொண்டுவர முடியாது என்று சொல்லாதீர்கள். 2017இல் டி.எம். கிருஷ்ணா 'சென்னை பொறம்போக்கு' பாடலைப் பாடினார். எழுதியது கபேர் வாசுகி. எண்ணூர்க் கழிமுகத்திலேயே நின்று பாடினார். பின்னால் அனல்மின் நிலையம் தெரிகிறது. யாரும் வெட்டவில்லை. கர்நாடக இசை அதனால் செத்துப்போகவுமில்லை. ஒரு கச்சேரி மேடைக்காரருக்கு முடிந்தது, வாரம் ஒரு பயணக் கட்டுரை எழுதுகிற நமக்கு முடியாதா?

*

சரி, இதில் ஆவடிக்காரன் எங்கே வந்தான்?

கடல் என்றால் நமக்குத் தொலைவு என்ற எண்ணம் மேற்குப் புறநகரில் வளர்ந்த எல்லோருக்கும் உண்டு. நமக்கு ஏரி, தொழிற்பேட்டை, டேங்க் ஃபாக்டரி, மின்சார ரயில். கடல் என்பது பெசன்ட் நகர்க்காரர்களுடைய சொத்து. அவர்களுக்கு 1980களின் கடைசியிலிருந்தே மாணவர்கள் நடத்தும் ஆமை நடை இருக்கிறது. நமக்கு லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம், அவ்வளவுதான்.

வரைபடத்தை எடுங்கள். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். பழவேற்காடும் காட்டுப்பள்ளியும் அதே திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். அம்பத்தூரும் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்படும் வரை அதிலேதான் இருந்தது. கலெக்டர் ஒருவர். ஆவடிக்குக் கடல் உண்டு. அரசாங்கக் காகிதத்திலேயே உண்டு.

காகிதத்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் போகும். கொரட்டூர் ஏரியில் தொழிற்பேட்டைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலப்பதாக உள்ளூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அம்பத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் புழல் ஏரி நிரம்பினால், உபரிநீர் மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குத்தான் போகிறது. கொசஸ்தலை ஆறு கேசவரம் அணைக்கட்டில் கூவத்துக்கு ஒரு கையைக் கொடுத்துவிட்டு, பூண்டியில் நமக்காகத் தேக்கப்பட்டு, மிச்சம் இருந்தால் அதே எண்ணூரில் கடலைத் தொடுகிறது. நாம் குடித்தது போக, நாம் அழுக்காக்கியது போக மீதிதான் கழிமுகத்துக்குப் போகும் நன்னீர். இறால் வளர்வதும் வளராததும் அந்த மீதியைப் பொறுத்தது.

அப்புறம் சாலை. வண்டலூரிலிருந்து பூந்தமல்லி ஓரமாக, ஆவடி ஓரமாக, 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை எங்கே முடிகிறது? மீஞ்சூரில். ஏன் அங்கே முடிகிறது என்று யோசித்தால் எல்லாம் விளங்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தயாராகும் கார்கள் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. அந்தக் கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறைகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கின்றன. அங்கே லேத் ஓட்டுகிறவர் வீட்டு ஃபேனும் பட்டறை மோட்டாரும் ஓடுகிற மின்சாரத்தில், அந்தப் புகைபோக்கிகளுக்குக் கீழே உற்பத்தியாவதும் கலந்திருக்கிறது. 2010இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் திறன் கொண்டது. நகரத்தின் தாகத்துக்கும் அந்தக் கரையில்தான் குழாய் போட்டிருக்கிறோம்.

ஆக, பழவேற்காட்டுக் கரையில் நின்று 'நகரத்திலிருந்து வெகுதூரம்' என்று எழுதுகிற மேற்குப் புறநகர்க்காரர், தன் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு வெளியூர் வந்திருப்பதாகச் சொல்கிறார். அந்தப் புகைபோக்கி அவருடைய புகைபோக்கி. அதை வெட்டினால் தன்னையே படத்திலிருந்து வெட்டியதாக அர்த்தம். அவருக்குத்தான் உரிமை குறைவு என்று முதலில் சொன்னது இதனால்தான்.

*

எதிர்வாதங்கள் தெரியும். மூன்று சொல்கிறேன்.

ஒன்று: "ஆறு நாள் பட்டறையில், ஆபீசில், ட்ராஃபிக்கில் சாகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் காற்று வாங்கப் போகிறோம். அதிலும் அரசியலா?" நியாயமான ஆதங்கம். நடையை யாரும் பிடுங்கவில்லை. காற்று வாங்குங்கள். ஆனால் அந்தக் குப்பத்தில் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒரு நாள் கிடையாது. அவருக்கு அந்தக் காற்று, இன்றைக்குப் படகு இறக்கலாமா வேண்டாமா என்கிற கேள்வி. வாடை, கொண்டல், கச்சான் என்று அவர் பிரித்துச் சொல்வதெல்லாம் நமக்கு ஒரே 'செம காத்து மச்சி'. ஓய்வெடுக்கப் போன இடம் இன்னொருவருடைய வேலையிடம் என்ற ஞாபகம் ஓய்வைக் கெடுக்காது. நடத்தையை மட்டும் கொஞ்சம் திருத்தும். வலை காயப்போட்ட இடத்தில் ட்ரைபாட் நடமாட்டோம்.

இரண்டு: "முதலில் மக்கள் நேசிக்கட்டும், நேசித்தால் காப்பாற்றுவார்கள். அழகான படம்தான் நேசிக்க வைக்கும்." இந்த வாதத்தைப் பல வருடங்களாகக் கேட்கிறோம். பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1980இல். அன்றிலிருந்து படங்கள் எத்தனை ஆயிரம், காலண்டர்கள் எத்தனை! அதே காலத்தில்தான் அதற்குத் தெற்கே அனல்மின் நிலையமும், இரண்டு துறைமுகங்களும், சாம்பல் குளங்களும் வந்தன. நேசம் குறைவாக இருந்ததால் அவை வரவில்லை. நேசித்தவர்களுக்கு நடப்பது தெரியாத மாதிரி படங்கள் எடுக்கப்பட்டதால் எதிர்ப்பு குப்பங்களோடு நின்றுபோனது. வெட்டிய படம் வெட்டிய இடத்தைத்தான் நேசிக்கக் கற்றுக்கொடுக்கும். அந்த இடம் எங்கும் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் கனமானது: "புகைபோக்கியைத் திட்டிக்கொண்டே ஃபேன் போட்டுத் தூங்குகிறாய். வேலை யார் கொடுப்பது? உன் அப்பா கொடுப்பாரா?" இதைச் சொல்பவர் பெரும்பாலும் என் தெருக்காரர், அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். அண்ணே, புகைபோக்கியை இடி என்று நான் சொல்லவில்லை. அதைப் படத்தில் விடு என்கிறேன். ஃபேன் ஓடுவதற்கு ஒரு விலை இருக்கிறது. சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவரும், சாம்பல் படிந்த ஆற்றில் வலை வீசுகிறவரும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பில் நம் வீட்டுக்கு வரவில்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று ஆகிவிடுமா? துறைமுகத்தால் வேலை வருகிறது என்றால், அதே துறைமுகத்தால் போன வேலையையும் எண்ண வேண்டும். கையால் இறால் துழாவுகிற பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, அதனால் அவள் வேலை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நம் மேற்குப் புறநகரில் ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டியபோதும் இதே கணக்குதான் போட்டார்கள். மழை வந்ததும் யார் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு தரப்பை இந்தச் சண்டையிலிருந்து விலக்கிவிட வேண்டும். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய், தொலைநோக்கியில் கண் வலிக்க எண்ணி, இடம், தேதி, எண்ணிக்கை என்று எழுதி வைக்கிறார்களே, அவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒரு திட்ட அறிக்கை 'இங்கே குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்று எழுதினால், அதை மறுக்க உதவும் ஒரே சாமான் அந்த நோட்டுப் புத்தகம். எண்ணுகிறவர் இடத்தை மறைப்பதில்லை. அழகுக்காக வெட்டுகிறவர்தான் மறைக்கிறார்.

*

கடைசியாக, இது ஏன் வெறும் ரசனைச் சண்டை இல்லை என்பதற்கு ஒரு காரணம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. பொது விசாரணை 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். பிறகு 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள். இரண்டு முறையும் எதிர்த்துக் குரல் கொடுத்ததில் முன்னால் நின்றது குப்பங்கள். படகை நிறுத்தினார்கள், கூலியை இழந்தார்கள். பூநாரைப் படம் போட்டவர்கள் பெரும்பாலும் அந்த வாரம் வேறு ஏதாவது படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் திட்டமோ இன்னொன்றோ, அந்தக் கரைக்கு 'விசாரணை' என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். விசாரணை, திட்டம் வருகிற பகுதி மக்களுக்கானது. அதில் அக்கறைக்குக் காரணம் உள்ள மற்றவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். புழல் உபரிநீர் எங்கே போகிறது என்று தெரிந்த அம்பத்தூர்க்காரருக்கும், அதே மாவட்டத்து ஆவடிக்காரருக்கும் காரணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஒரு பக்கக் கடிதம். 'இன்ன தேதி, இன்ன இடத்தில், இத்தனை பறவைகளைப் பார்த்தேன். பின்னால் இத்தனை தூரத்தில் இது தெரிந்தது. அன்று இத்தனை பேர் அந்த நீரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.' வெட்டாத படம் இருந்தால் இந்தக் கடிதத்தோடு இணைக்கலாம். வெட்டிய படத்தை இணைத்து என்ன பயன்? அது எந்தக் கரை என்றே நிரூபிக்க முடியாது.

அதனால் இந்த சீசனில் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போவதற்கு முந்தின ஞாயிறு உங்கள் தெருவுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடங்கள். பருத்திப்பட்டோ, கொரட்டூரோ, அம்பத்தூரோ. அங்கேயும் கூழைக்கடா உண்டு, சாக்கடைக் குழாயும் உண்டு. இரண்டையும் ஒரே படத்தில் எடுத்துப் பழகுங்கள். அடுத்த ஞாயிறு பழவேற்காட்டில் இறங்கித் தெற்கே நடங்கள். பூநாரை கிடைத்தால் சந்தோஷமாக எடுங்கள். அலகின் வளைவு, கழுத்தின் வளைவு எல்லாம் வரட்டும். அப்புறம் ஓரத்தில் புகைபோக்கி வருகிற மாதிரி ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்து இன்னொன்று எடுங்கள். பறியைக் கடித்துக்கொண்டு நிற்கிற அக்காவிடம், அவர் கரையேறிய பிறகு, கேட்டுவிட்டு எடுங்கள். இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது, போன வருடம் இதே மாதம் எவ்வளவு என்று விசாரியுங்கள். இரண்டாவது படத்தைப் போடுங்கள். லைக் கொஞ்சம் குறையும். கீழே 'இது எங்கள் மாவட்டம்' என்று எழுதுங்கள்.